ழெ குறில், ழே நெடில்: பிரெஞ்சு வினைச்சொல் கேள்வி பதில்

இருபது வருடமாகப் புதுச்சேரியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். வினைச்சொற்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பிரெஞ்சை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். மூக்கொலிகள் சரியாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டலுக்குப் பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசா, கல்லூரிச் சேர்க்கை பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: மூன்று குரூப், ஒவ்வொன்றிலும் இத்தனை காலம், காலத்துக்கு ஆறு வடிவம். எப்படி சார் மனப்பாடம் செய்வது?

செய்யாதேம்மா. தமிழ் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தாய் அல்லவா? பேசுவோம் = பேசு + வ் + ஓம். பகுதி, இடைநிலை, விகுதி. அதே கத்தியை இங்கே எடு. 'பார்லெரோன்' என்றால் பேசுவோம். பார்ல் + எர் + ஓன். ஓம், ஓன் இரண்டும் ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்கும்.

எதிர்காலத்துக்கு எப்போதும் அந்த 'ர்' உண்டு. பழைய நடப்பைச் சொல்லும் எம்பார்ஃபேயில், தன்மைப் பன்மைக்கு 'இய்' வரும்: பார்லியோன், பேசிக்கொண்டிருந்தோம். இரண்டையும் சேர்த்துப் போடு: பார்லெரியோன். அதுதான் கொந்திஸியொனெல், 'பேசுவோமே' என்கிற தொனி. மூன்று அட்டவணை ஒரே வரியில் முடிந்தது.

எம்பார்ஃபேக்குப் பகுதி எங்கே கிடைக்கும்? நிகழ்காலத்தின் 'நாங்கள்' வடிவத்தில் ஓனை வெட்டு. ஃபினிஸோன் (முடிக்கிறோம்) என்பதில் ஃபினிஸ். இந்த விதி எத்ர் (இரு) என்ற ஒரே ஒரு வினைக்குத்தான் பொருந்தாது. எதிர்கால விகுதிகளோ அவ்வார் (வைத்திரு) வினையின் நிகழ்காலத்திலிருந்து வந்தவை. லத்தீன் பேச்சில் 'பேச இருக்கிறேன்' என்பதுபோலச் சொன்னது ஒட்டிப்போய் ஒரே சொல்லானது. எனவே முறை தவறிய எதிர்காலப் பகுதிகளை மட்டும் எழுதி வைத்துக்கொள்: எத்ருக்கு ஸெர், அவ்வாருக்கு ஓர், அலேக்கு (போ) இர், ஃபேருக்கு (செய்) ஃபெர், வெனீருக்கு (வா) வியேந்த்ர். இப்படி ஒரு டஜன் சொச்சம்தான்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: எல்லா வினைகளும் உள்ள பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

இல்லை. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

பாரிஸில் உணவகத்தில் வேலை செய்பவர்: சேர், பதினாலு வருசமா இஞ்ச இருக்கிறன். கதைப்பன், ஆனால் 'ழே அலே' எண்டு சொன்னா வேலையிடத்தில சிரிக்கினம். ஏன்?

'ழெ' என்றால் நான்; 'ழே' என்பதில் அதோடு அவ்வார் துணைவினை ஒட்டியிருக்கிறது. 'போனேன்' என்பதற்கு அவ்வார் துணை வராது, எத்ர்தான் வரும்: ழெ ஸ்வீ அலே. வா, போ, ஏறு, இறங்கு, பிற, இற, தங்கு என்று பெரும்பாலும் இடமோ நிலையோ மாறுவதைச் சொல்லும் பதினைந்து பதினேழு வினைகளுக்கும், ஸெ சேரும் தற்சுட்டு வினைகளுக்கும் (தன்னைக் கழுவிக்கொள் போன்றவை) எத்ர்.

இதைப் பலரும் சொல்லித் தந்திருப்பார்கள். சொல்லாமல் விட்டதை உங்கள் சமையலறையிலேயே பாருங்கள். நிலவறைக்கு நீங்கள் இறங்கினால் 'ழெ ஸ்வீ தெஸாந்த்யூ'. குப்பைத் தொட்டிகளை இறக்கினால் 'ழே தெஸாந்த்யூ லே பூபெல்'. வினை ஒன்றுதான், துணைவினை வேறு. தமிழில் இறங்கினேன், இறக்கினேன் என்று பகுதியையே மாற்றுகிறோம். தன்வினை, பிறவினை. பிரெஞ்சுக்காரர் அதே வேலையைத் துணைவினையை மாற்றிச் செய்கிறார். ஏறு/ஏற்று (மோன்தே), வெளியே போ/வெளியே எடு (ஸோர்த்தீர்) இரண்டும் இப்படியே.

கல்லூரி மாணவர்: 'ழெ ஃபினி', 'ழே ஃபினி' காதில் ஒன்றாகவே விழுகின்றன.

முதலாவது 'முடிக்கிறேன்', இரண்டாவது 'முடித்தேன்'. ழெ குறில், ழே நெடில் என்று பிடித்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது நீட்டல் வேறுபாடு அல்ல, உயிரொலியே வேறு. ஆனால் படி, பாடி என்று பிரித்துக் கேட்டு வளர்ந்த காது இதையும் பிடித்துவிடும். ழெ தி, ழே தி (சொல்கிறேன், சொன்னேன்) என்று பத்து முறை சொல்லிப் பாருங்கள்.

மீண்டும் ஒருவர்: 'இர்' ஒலியில் முடிவதெல்லாம் இரண்டாம் குரூப்தானே?

இல்லை. 'நாங்கள்' வடிவத்தில் 'இஸ்' நுழைகிறதா என்று பாருங்கள். ஃபினீர், ஃபினிஸோன்: இரண்டாம் குரூப், சுமார் 300 வினைகள். பார்த்தீர் (கிளம்பு), பார்த்தோன்: நுழையவில்லை, மூன்றாம் குரூப். ஊவ்ரீர் (திற) இன்னும் குறும்பு, நிகழ்காலத்தில் முதல் குரூப்பின் (பார்லே போன்ற வினைகளின்) சட்டையைப் போட்டுக்கொள்ளும்.

மென்பொருள் பணியாளர்: அவ்வாரோடு வரும் எச்சம் (ஃபினி, தி போன்ற இறந்தகால வடிவம்), செயப்படுபொருள் முன்னால் வந்தால் அதற்கேற்ப மாற வேண்டுமாம். இதில் என்ன தர்க்கம்? பெல்ஜியத்தில் இதை ஒழிக்கச் சொன்னார்களே?

சொன்னார்கள். 2018 செப்டம்பரில் பெல்ஜியத்தின் முன்னாள் பிரெஞ்சு ஆசிரியர்கள் இருவர் 'லிபேராஸியோன்' நாளிதழில் எழுதினார்கள். அவ்வாரோடு வரும் எச்சத்தை மாற்றாமலே விடலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் பாதி சம்மதம்.

'கடிதம் எழுதினேன்' என்றால் ழே எக்ரி. 'நான் எழுதிய கடிதம்' என்று கடிதம் முன்னால் வந்தால் எக்ரித். கடிதம் பெண்பால் என்பதால் ஒரு 'த்'. இது இத்தாலிய வழக்கைப் பார்த்து வந்தது. 16ஆம் நூற்றாண்டில் கிளெமான் மரோ என்ற கவிஞர் தன் மாணவர்களுக்கு இதைச் செய்யுளாகவே எழுதினார்.

ஒரு பள்ளி ஆசிரியை குறுக்கிட்டு: பிள்ளைகள் படிக்கிற இடத்தில் விதி வேண்டாம் என்கிறீர்களே? மார்க் போனால் யார் பொறுப்பு?

அம்மா, பாதி சம்மதம் என்றுதான் சொன்னேன். தேர்வில் எழுதத்தான் வேண்டும். என் சொந்தக் கதை கேளுங்கள். இளவயதில் வேலை கேட்டு எழுதிய கடிதத்திலேயே இந்த 'த்'தை விட்டேன். நேர்காணலில் அதைச் சிவப்பு மையால் சுழித்து என் முன்னால் தள்ளினார்கள். வேலை கிடைக்கவில்லை.

மென்பொருள் பணியாளர்: அதுதான் நானும் சொல்கிறேன். அது மொழியறிவா, வடிகட்டியா?

சரி, இப்படிப் பாருங்கள். பெரும்பாலான வினைகளில் இந்த மாற்றம் காதில் விழாது. 'வாங்கிய பூக்கள்' என்பதில் அஷ்தே, அஷ்தே. எழுதும்போது மட்டும் கூடுதலாக இரண்டு எழுத்து. எக்ரித், ப்ரீஸ், மீஸ், ஃபெத், ஊவெர்த் போன்ற சிலவற்றில்தான் ஒலி மாறும். அவற்றைப் பேச்சில் பழகுங்கள், மற்றவற்றை எழுதும்போது பாருங்கள்.

ஆசிரியை: அப்படியென்றால் 'அவள் கை கழுவினாள்'?

வந்துவிட்டீர்களா அங்கேயும்! 'தன்னைக் கழுவிக்கொண்டாள்' என்றால் எச்சம் பெண்பாலாகும். 'கைகளைக் கழுவிக்கொண்டாள்' என்றால் கைகள் பின்னால் வருவதால் மாறாது. இரண்டும் ஒலியில் ஒன்றே. பிரெஞ்சுக்காரர்களே தடுமாறும் இடம் இது. இந்தச் சண்டையை இங்கே நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

எத்தனை நாளில் கற்கலாம்?

தெரியாது.

'அவர்கள்' வடிவத்தின் கடைசி ஈ-என்-டி?

உச்சரிக்கவே கூடாது. அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள், இரண்டும் 'பார்ல்'. 'பார்லென்ட்' என்று என் காதில் விழாத வாரம் கிடையாது.

'எனக்கு நேரம் இருந்தால்' என்பதற்கு 'ஸி ழோரே' என்று எழுதினேன், தப்பு என்றார்கள்.

தப்புதான். 'ஸி'க்குப் பின்னால் ர் விகுதி ஆகாது என்று பிரெஞ்சுப் பள்ளிகளிலேயே சொலவடை உண்டு. ஸி ழவே, எம்பார்ஃபே. ஆனால் தமிழருக்கு இது புதிதா? 'வருவால்' என்கிறோமா? வந்தால், நின்றால், கேட்டால் என்று இறந்தகாலப் பகுதியில்தானே ஆல் ஒட்டுகிறோம்? அப்புறம் பிரெஞ்சில் மட்டும் ஏன் எதிர்காலத்தைத் தேடுகிறீர்கள்?

பாஸே ஸேம்ப்ல் படிக்க வேண்டுமா?

அது எழுத்து வழக்கில் வரும் இறந்தகாலம். கதை வாசிக்க அடையாளம் தெரிந்தால் போதும். கடையில் போய்ப் பேசிவிடாதீர்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு என்ன நிலை வேண்டும்?

2026 ஜனவரி முதல் பி2 (ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலில் ஒரு நிலை). அதற்கு மேல் பிரிஃபெக்சரை, அதாவது அங்குள்ள அரசு நிர்வாக அலுவலகத்தை, கேளுங்கள். முன்பே சொன்னேன், இது என் துறை இல்லை.

இன்னொருவர்: பிடிஎஃப்...

இல்லை.

பாரிஸிலிருந்து மறுபடியும்: சேர், 'ழெ ஸ்வீ அலே' எண்டு சொன்னன், ஒருத்தரும் சிரிக்கேல்ல. பிறகு நடந்து வந்ததைச் சொல்ல 'ழெ ஸ்வீ மார்ஷே' எண்டன். திரும்பவும் சிரிச்சினம்.

மார்ஷே எப்படி நகர்ந்தீர்கள் என்பதைத்தான் சொல்கிறது, எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்பதை அல்ல. ஓடு, நீந்து எல்லாம் அப்படியே. அவற்றுக்கு அவ்வார். ழே மார்ஷே. நெடில்.