7 இரவுக் கரீபியன் கப்பல் பயணத்துக்கு எதைக் கொண்டுபோவது, எதை வீட்டில் விடுவது?

உங்கள் கேள்வியை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன்: திருகோணமலையிலிருந்து கனடாவுக்கு வரும் அம்மாவையும் அப்பாவையும் அங்கிருந்து 7 இரவுக் கரீபியன் கப்பல் பயணத்துக்கு அழைத்துப் போகிறீர்கள், விமானத்தில் ஆளுக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி கொண்டுவரலாம் என்பதால் அவர்கள் நான்கையும் நிரப்பத் தொடங்கிவிட்டார்கள், கப்பலுக்கு உண்மையில் எவ்வளவு தேவை, எதை விட்டுவரச் சொல்லலாம்? இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதத்தில், ஏறக்குறைய இதே வழியில் போய்வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நானும் கணவரும் திருகோணமலை உவர்மலையிலிருந்து புறப்பட்டு, ரொறன்ரோவில் மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கி, பின்னர் புளோரிடாவின் போர்ட் லோடர்டேல் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். மெக்சிகோவின் கொசுமெல், கேமன் தீவின் ஜோர்ஜ் டவுன், ஜமைக்காவின் பல்மவுத் ஆகிய இடங்களில் இறங்கிப் பார்த்தோம்.

நான்கு பெட்டிகளையும் நிரப்புவதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளிடம் போகும் நம்மவர்களின் பெட்டியில் சொந்தச் சாமான் கால்வாசிதான் இருக்கும். மிச்சமெல்லாம் மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, பேரப்பிள்ளைக்குச் சட்டை, பக்கத்து வீட்டார் தங்கள் மகனிடம் கொடுக்கச் சொன்ன பொதி. அவை ரொறன்ரோவோடு முடிந்துவிடும். அதே பெட்டியிலிருந்து பொதிகளை மட்டும் எடுத்துவிட்டு, எஞ்சியதோடு அப்படியே கப்பலுக்குக் கிளம்புவதில்தான் வினை தொடங்குகிறது. ஆகவே என் ஆலோசனை ஒன்றுதான்: கப்பலுக்கான சாமானை ஊரிலேயே ஒரு சிறிய சக்கரப் பெட்டியில் தனியாக அடுக்கிப் பூட்டி, அந்தச் சிறு பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ரொறன்ரோவில் அதை வெளியே எடுத்தால் போதும், திறக்கவே வேண்டியதில்லை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். மகளின் சிநேகிதி ஒருத்தி ஊரிலிருந்து தேங்காய் துருவும் திருவலை அலகு ஒன்று கேட்டிருந்தாள். பலகையை அங்கே செய்துகொள்ளலாம், இரும்பு மட்டும் போதும் என்றாள். நாங்கள் போன நேரம் அவள் வீட்டில் இல்லாததால், பழைய துணியில் சுற்றிய அலகு பெட்டியின் அடியிலேயே கிடந்தது, நான் அதை மறந்தும் போனேன். கப்பல் ஏறும் நாளில் துறைமுக வாசலில் சுமை தூக்குபவரிடம் கொடுக்கும் பெட்டிகள் ஊடுகதிர்ப் பரிசோதனைக்குப் பின் மாலையில் அறை வாசலுக்கு வந்து சேரும். மகளின் பெட்டி வந்தது, மருமகனின் பெட்டி வந்தது, எங்களுடையது வரவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது அறைத் தொலைபேசி ஒலித்தது. கீழ்த்தளத்துப் பாதுகாப்பு அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே ஏழெட்டுப் பேர் தத்தம் பெட்டிக்கு அருகில் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைகள் போல நின்றார்கள். என் முறை வந்ததும், பல்லுப் பல்லாகத் தெரிந்த அந்த இரும்பை மேசையில் வைத்து, இது என்ன என்று அலுவலர் கேட்டார். எனக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. இல்லாத தேங்காய்ப் பாதியை இரு கைகளாலும் பிடித்துத் துருவிக் காட்டினேன். பிலிப்பைன்ஸ்காரரான அவர் சிரித்துவிட்டார். தன் தாயாரிடமும் இப்படி ஒன்று இருக்கிறது என்றார். ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு, அதோடு என் சிறிய மின்கேத்தலையும் அயன்பெட்டியையும் சேர்த்து வைத்து, துண்டு ஒன்று எழுதித் தந்து, கடைசி நாள் வந்து பெற்றுக்கொள்ளுமாறு சொன்னார்.

கேத்தலும் அயன்பெட்டியும் ஏன் என்றால், கடலில் செல்லும் கப்பலுக்குத் தீயைவிடப் பெரிய பயம் வேறில்லை. சூடேறும் கம்பியுள்ள பலவற்றை, அதாவது அயன்பெட்டி, கேத்தல், தண்ணீருக்குள் போடும் சூடாக்கி, சிறு சோற்றுப்பானை போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. மெழுகுவர்த்தி, சாம்பிராணி, திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் கருவியுள்ள நீட்டிப்பு வயர் ஆகியவையும் அப்படித்தான். அம்மா காலையில் சாமி கும்பிடுபவராக இருந்தால், விளக்கும் திரியும் உங்கள் வீட்டோடு நிற்கட்டும். ஒரு சிறு திருநீற்றுப் பொட்டலம் போதும். வெந்நீரும் தேநீரும் மேல்தள உணவகத்தில் எந்நேரமும் கிடைக்கும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, கப்பல் அறையில் அமெரிக்க வகை 110 வோல்ட் தட்டைப் பிளக் துவாரம் கட்டாயம் இருக்கும். பல கப்பல்களில் 220 வோல்ட் ஐரோப்பிய வகையும் உண்டு. நமது மூன்று முனைப் பிளக் இரண்டிலும் ஏறாது என்பதால் ஒரு அடப்டர் வேண்டும். கைத்தொலைபேசிச் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் வேறொன்றும் தேவையில்லை. தலைமயிர் உலர்த்தும் கருவி அறையிலேயே இருக்கும். நமது 230 வோல்ட் கருவி அங்கே ஒழுங்காகச் சூடேறவும் மாட்டாது.

உடுப்பு விடயத்தில் நம்மவருக்கு ஒரு வசதி இருக்கிறது. கரீபியன் வெயிலும் வியர்வையும் உப்புக்காற்றும் நிலாவெளியில் நாம் அன்றாடம் காண்பவைதான்; மற்றவர்கள் இந்தப் பயணத்துக்கென்று கடை கடையாக ஏறி வாங்கும் மெல்லிய பருத்திச் சட்டைகளை நாம் ஆண்டு முழுதும் அணிகிறோம். நான்கு நாளைக்கான உடுப்பு போதும். கையால் துவைத்துக் குளியலறைக் கொடியில் போட்டால் மெல்லிய பருத்தி மறுநாள் காய்ந்துவிடும். சில கப்பல்களில் காசு போட்டுத் துவைக்கும் இயந்திரமும் உண்டு. குளிருக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்: கப்பலின் உணவு மண்டபத்திலும் அரங்கத்திலும் ஏசி எலும்பைத் துளைக்கும். ஆளுக்கு ஒரு சால்வையோ மெல்லிய சுவெட்டரோ கையில் இருக்க வேண்டும். கனடாக் குளிருக்கென நீங்கள் கொடுக்கும் தடித்த கோட்டை மட்டும் கப்பலுக்குக் கொண்டுபோகாதீர்கள். எங்கள் இரு கோட்டுகளும் சேர்ந்து அறை அலுமாரியில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு வாரம் தொங்கின. விமான நிலையத்தில் உங்களை இறக்கிவிடுபவரின் காரிலேயே கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது அவரையே கொண்டுவரச் சொல்லலாம்.

அம்மாவோடு நீங்கள் வாதாட வேண்டிவரும் இடம் பட்டுச்சேலைதான். 7 இரவுப் பயணத்தில் ஓரிரு இரவுகளில் சிறப்பு உடை அணிந்து சாப்பிடப் போகும் வழக்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், நான் இரண்டு காஞ்சிபுரம் சேலைகளை எடுத்து வைத்தேன். பிறகு சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, ஒரு சேலையும் அதற்கான பாவாடையும் சட்டையும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டின. அயன் பண்ண வழியில்லாத கப்பலில் மடிப்புக் கலைந்த பட்டைக் கட்டிக்கொண்டு இருப்பதைவிட, கசங்காத ஜோர்ஜெட் சேலை ஒன்று நூறு மடங்கு மேல். கணவருக்குக் கோட்டு சூட்டு எடுக்கவே இல்லை. எட்டு முழ வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அவர் வந்தபோது யாரும் தடுக்கவில்லை, பக்கத்து மேசைத் தம்பதியர் எழுந்து வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த இரவுகளில் உடுத்தப் பிடிக்காதவர்கள் மேல்தள உணவகத்தில் சாதாரண உடுப்போடு சாப்பிடலாம். நகை வேண்டவே வேண்டாம். தாலிக்கொடியைத் தவிர மற்றவை ஊரில் வங்கிப் பெட்டகத்திலேயே இருக்கட்டும்.

இராணுவச் சீருடை போன்ற பச்சைப் புள்ளித் துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஜமைக்கா, பார்படோஸ், சென் லூசியா, அன்ரிகுவா, திரினிடாட் முதலிய நாடுகளில் அதைப் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். நம் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் துணியை வீட்டுக் கொடியில் காயப் போடவே அஞ்சிய தலைமுறை அது. ஆனால் கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைகளின் தொப்பியிலும் முதுகுப்பையிலும் அந்த நிறம் இருக்கக்கூடும், அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குப் பூசும் கிறீம் வாங்குவதானால், ஒக்சிபென்சோன், ஒக்டினோக்சேட் கலக்காததாக வாங்குங்கள். பவளப்பாறைகளுக்குக் கேடு என்று அமெரிக்க வேர்ஜின் தீவுகள் 2020 முதல் அவற்றைத் தடைசெய்திருக்கின்றன. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் வெளுத்துப்போன பவளத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதன் நியாயம் புரியும். நான் கிறீமே கொண்டுபோகவில்லை. முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் போதுமாயிருந்தன.

காலுக்கு இரண்டு சோடி: விமானத்தில் அணியும் சப்பாத்து ஒன்று, பின்பட்டி உள்ள செருப்பு ஒன்று. நம் துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பல் வரும் நாட்களில் கோணேசர் கோயில் வாசலில் நின்று பார்த்தால், கயிறு கட்டிய சப்பாத்தோடு மலையேறி வந்து அதைக் கழற்ற இடம் தேடுபவரையும், செருப்பை உதறிவிட்டு உள்ளே போகிறவரையும் காணலாம். பல ஆண்டுகளாக அதைப் பார்த்தவளாயிருந்தும் நான் மூன்று சோடி கொண்டுபோனேன். பின்பட்டி ஏன் என்றால், ஜோர்ஜ் டவுனில் பெரிய கப்பல் கரையில் அணைவதில்லை. கரைக்குச் சற்று அப்பால் நங்கூரமிட்டு, சிறு படகில் ஏற்றி இறக்குவார்கள். அலையில் ஆடும் படகிலிருந்து காலை எடுத்து வைக்கும்போது இரு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும், செருப்பு கழன்றுவிடக் கூடாது. அதனால் கரைக்குப் போகும்போது குறுக்காகத் தோளில் மாட்டும் பை ஒன்றே போதும். கடற்கரைத் துவாயைக் கப்பலே தரும், திருப்பிக் கொடுக்காவிட்டால் கணக்கில் ஏற்றிவிடும்.

மருந்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் தரும் மாத்திரைகள் சிறு காகித உறைகளில், பேனாவால் எழுதிய பெயரோடு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லைகளில் அந்த உறையைக் காட்டி எதையும் விளங்கவைக்க முடியாது. பயணத்துக்கான அளவை மருந்துக் கடையில் அட்டையோடு வாங்கி, வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் பெற்று, ஒரு வாரத்துக்கு மேலதிகமாகவும் சேர்த்துக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். கப்பல் தலைச்சுற்றுக்கான மாத்திரையும் அதற்குள்ளேயே இருக்கட்டும். பெட்டி மாலைவரை வராது, கப்பல் அதற்கு முன்பே ஆடத் தொடங்கிவிடும். கடவுச்சீட்டும் கண்ணாடியும் ஒரு மாற்றுடுப்பும் அதே பையில். அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும், இறங்கும் தீவுகளின் விசா விதிகளையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

சாப்பாடு கொண்டுபோகத் தேவையில்லை. வீட்டில் சமைத்ததைப் பெரும்பாலும் ஏற்ற விடமாட்டார்கள், கப்பலில் எடுத்த பழத்தைக் கரைக்குக் கொண்டு இறங்கவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோவது தடை, எலுமிச்சை இனங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரக்கூடும் என்பதால். கைப்பையின் மூலையில் ஒரு கொத்து கிடந்தாலும் எடுத்துவிடுங்கள். திரும்பும்போது கடற்கரைக் கடைகளில் இளஞ்சிவப்பு வாயுள்ள பெரிய சங்குகள் ஆசை காட்டும். அந்த இனம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது, கருப்புப் பவளமும் அப்படியே. வாங்காதீர்கள்.

பெட்டி சிறியதாக இருப்பதன் முழுப் பயனும் கடைசி நாளில்தான் தெரியும். இறங்குவதற்கு முந்திய இரவு பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட்டால், மறுநாள் துறைமுக மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவற்றுக்கு நடுவே தேட வேண்டும். தாமே தூக்கிக்கொண்டு இறங்கக்கூடியவர்கள் காலையில் முதல் ஆட்களாக வெளியேறிவிடலாம். எங்கள் பெட்டி பெரியது என்பதால் இரவே வெளியே வைத்தோம். என் கணவர் தன் காற்சட்டைகள் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடுக்கிவிட்டு, விடிந்ததும் சாரத்தோடு நின்று, மருமகனின் காற்சட்டையை இடுப்பில் பிடித்துக்கொண்டு குடிவரவு வரிசையில் நின்றார்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மடக்கக்கூடிய கைத்தடி ஒன்றையும் அவர் வழக்கமாகப் பூசும் தைலத்தையும் நிச்சயம் எடுத்து வையுங்கள். விமானத்தில் கைப்பையில் வருவதானால் தைலம் 100 மில்லிலிற்றருக்கு மேற்படாத போத்தலில் இருக்க வேண்டும். கப்பலின் நடைபாதைகள் நம் கடற்கரை வீதியைப் போல நீளமானவை, மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறையை இப்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.