இரண்டாவது கிட்டார்

அன்புள்ள சார்,

ஐந்து வருடங்களாக ப்ளூஸ் கிட்டார் வாசிக்கிறேன். பழைய பதிவுகளில் வரும் சோலோக்களைக் கேட்டுக் கேட்டு, ஒரு சுரம் பிசகாமல் எடுத்துவிடுவேன். இப்போது ஒரு பேண்ட் ஆரம்பிக்க ஆசை. எனக்குப் பின்னால் வாசிக்க ஒரு பாஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், முடிந்தால் ஒரு மவுத் ஆர்கன் வேண்டும். என் அளவுக்கு ப்ளூஸ் தெரிந்த, என் ரசனை உள்ள ஆட்களாக இருந்தால் நல்லது. அறிவிப்பு ஒட்டிப் பார்த்தேன், தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒரு பாஸ்காரர், ஒரு டிரம்மர். ஒரு நாள் வாசித்துவிட்டுப் போனவர்கள் அப்புறம் போனையே எடுக்கவில்லை. எங்கே போய்த் தேடுவது? முதலிலேயே பேண்டுக்குப் பெயர் வைத்துவிடலாமா? வால்வ் ஆம்ப்ளிஃபையர் வாங்குவது அவசியமா? சொந்தப் பாட்டா, பழைய பாட்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆம்ப் இருப்பதே போதும். பெயருக்கு அவசரமில்லை. சொந்தப் பாட்டா பழைய பாட்டா என்பது நாலு பேர் சேர்ந்த பிறகு போடவேண்டிய சண்டை. அதை ஏன் இப்போதே தனியாக உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

எனக்கு உறுத்தியது வேறு. ‘எனக்குப் பின்னால் வாசிக்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாகவே ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் ஐம்பதுகளின் தொடக்கப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் வாசிக்கும் ஜிம்மி ராஜர்ஸை மட்டும். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

மட்டி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோ போனவர். அங்கே ராஜர்ஸோடு சேர்ந்தபோது ராஜர்ஸ் கையில் இருந்தது மவுத் ஆர்கன். அப்புறம் லிட்டில் வால்டர் என்கிற இளைஞன் வந்து சேர்ந்தான். அவன் வாசிப்பைக் கேட்ட பிறகு மவுத் ஆர்கன் யாருக்கு என்பதில் பேச்சே இல்லை. ராஜர்ஸ் கிட்டாருக்கு மாறினார், அதுவும் இரண்டாவது கிட்டாருக்கு. பல பதிவுகளில் அவர் செய்வதெல்லாம் கீழ்த்தந்திகளில் பாஸ் மாதிரி நடப்பதும், பாட்டு மூச்சு வாங்கும் இடத்தில் சின்னதாக ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், வைப்பதும்தான். ஒன்றும் தெரியாமல் ஒதுங்கி நின்ற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். 1950-லேயே செஸ் நிறுவனத்தில் அவர் சொந்தப் பெயரில் இசைத்தட்டு வந்துவிட்டது. பாடத் தெரியும், முன்னால் நிற்கத் தெரியும். மட்டி பாடும்போது எங்கே நிற்கவேண்டும் என்பதும் தெரியும்.

உங்களிடம் வந்த இருவர் ஏன் திரும்பவில்லை என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

ப்ளூஸின் பன்னிரண்டு பாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பார் என்பது நாலு தட்டு. நாலு நாலு பாராக மூன்று வரி. முதல் வரியைப் பாடுகிறார்கள், அதையே இரண்டாம் தடவை பாடுகிறார்கள், மூன்றாவதில் பதில் சொல்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் பாட்டு ஏறக்குறைய இரண்டு பாருக்குள் முடிந்துவிடும். மீதி இரண்டு பார் காலி. பாடுகிறவர் வாயை மூடிக்கொண்டு இன்னொருவரின் பதிலைக் கேட்கும் இடம் அது. ஆக, சரிபாதி அடுத்தவருக்கு. நீங்கள் பாடமாக்கி வைத்திருப்பது அந்தக் காலி இடங்களையும் சேர்த்து அடைக்கிற சோலோக்கள். வீட்டில் பதிவோடு வாசிக்கும்போது இது தெரியாது. பதிவு உங்களுக்காக வேகத்தைக் குறைக்காது, முகம் சுளிக்காது, நீங்கள் என்ன செய்தாலும் தன்பாட்டுக்கு ஓடும். ஐந்து வருடம் அப்படிப்பட்ட துணையோடு பழகிவிட்டு மனிதர்களோடு வாசிக்க உட்கார்ந்தால், போனில் மூச்சுவிடாமல் பேசுகிறவர் மாதிரிதான் ஆகும். எதிரில் இருப்பவருக்கு ‘ம்’ கொட்டக்கூட வழி இருக்காது.

ஒரு காலத்தில் நான் பாஸ் வாசித்தேன். பெரிய வித்துவான் இல்லை, விடாமல் நேரத்துக்குப் போகிற ஆள், அவ்வளவுதான். எங்களோடு வாசித்துப் பார்க்க ஒரு கிட்டார்காரர் வந்தார். விரலில் என்ன வேகம்! ஒவ்வொரு சுற்றின் கடைசி இரண்டு பாரில், எல்லோரும் சேர்ந்து திரும்பும் அந்த டர்ன்அரவுண்டில்கூட, நிற்காமல் மேலே ஏறிப் போய்க்கொண்டே இருந்தார். எங்கள் டிரம்மர் முதலில் ஸ்னேர் டிரம்மைக் குறைத்தார். அப்புறம் ஹை-ஹாட் தாளத்தட்டு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. குனிந்து பெடலைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்ததால் கவனிக்க இன்னும் ஒரு சுற்று ஆயிற்று.

பிறகு வேறொருவர் வந்தார், வயதானவர். என்ன கீ, அதாவது எந்தச் சுருதி என்று மட்டும் கேட்டார். இரண்டு சுற்று எதுவுமே வாசிக்கவில்லை, கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது சுற்றில் இரண்டாம் தட்டிலும் நாலாம் தட்டிலும் சுருக்கமாக ஒரு வெட்டு. தந்தியை உடனே உள்ளங்கையால் அடக்கிவிடுவார். டிரம்மர் ஸ்டூலைத் திருப்பி அவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அவரை எங்களோடு சேரச் சொல்லி யாரும் தனியாகக் கேட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. அடுத்த வாரம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது.

‘என் அளவுக்கு’ என்கிறீர்கள். அளவெடுத்தது யார்? ஷஃபிள் என்கிற துள்ளல் நடையில் ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறோம். எவ்வளவு தள்ளி, எவ்வளவு ஒட்டி அடுத்ததைப் போடுவது என்பது டிரம்மருக்கு டிரம்மர் மாறும். அவர் போடுகிற இடத்தில் உங்கள் கை விழுகிறதா? அதற்குப் பதில் தெரியாதவரை ஐந்து வருடம், பத்து வருடம் என்ற கணக்கெல்லாம் யாருக்கும் பிரயோஜனமில்லை. ரசனைக் கணக்கும் அப்படித்தான். சிகாகோ ப்ளூஸ் டிரம்மிங் என்று இன்று எல்லோரும் பாடம் படிக்கும் பிரெட் பிலோ ஜாஸிலிருந்து வந்தவர். உங்களுக்கு வரப்போகிற டிரம்மர் ராக் வாசிப்பவராக இருக்கலாம், ப்ளூஸ் ஒரு மணிநேரம்கூடக் கேட்டிராதவராக இருக்கலாம். சத்தத்தைக் குறைத்து வாசிக்கத் தெரிந்தவரா என்று மட்டும் பாருங்கள்.

அறிவிப்பு ஒட்டுவதை நான் கேலி செய்யவில்லை. 1962-இல் லண்டனில் பிரையன் ஜோன்ஸ் ஒரு ஜாஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துத்தான் ஆள் தேடினார். முதலில் வந்தவர் பியானோ வாசிக்கும் இயன் ஸ்டூவர்ட். ரோலிங் ஸ்டோன்ஸ் அப்படித் தொடங்கியது. (மறு வருடமே மேனேஜர் ஸ்டூவர்ட்டை மேடையிலிருந்து இறக்கிவிட்டார். அவர் கோபித்துக்கொண்டு போகாமல், கருவிகளை வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டு பதிவுகளில் பியானோவும் வாசித்தார். அந்த மனிதரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) முதல் நிகழ்ச்சி 1962 ஜூலையில். சார்லி வாட்ஸ் டிரம்ஸில் வந்து உட்கார்ந்தது 1963 ஜனவரியில். அவர்களுக்கே அரை வருடம் ஆகியிருக்கிறது. நீங்கள் அதற்குள் மனம் தளர்ந்துவிட்டீர்கள்.

தனியாக ஐந்து வருடம் வாசிப்பது லேசான காரியமில்லை, எனக்குத் தெரியும். நல்லதாக ஒன்று வாசித்து முடித்து, நிமிர்ந்து பார்த்தால் அறையில் யாரும் இல்லாத கஷ்டம் இருக்கிறதே, அதற்காகத்தான் இவ்வளவு திட்டுகிறேன். அதை இனியும் நீங்கள் பட வேண்டாம்.

சரி, எங்கே தேடுவது என்று கேட்டீர்கள். ஜாம், அதாவது வந்தவர்கள் சேர்ந்து வாசிக்கிற கூட்டம், நடக்கிற இடம் எது இருந்தாலும் போங்கள். என்ன இசை என்று பார்க்க வேண்டாம். முதல் இரண்டு தடவை கிட்டாரை எடுத்துப் போகாதீர்கள், பாஸும் டிரம்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் ஜோடி எது என்று கவனியுங்கள். அதற்கு முன்னால், போனை எடுக்காத அந்த இரண்டு பேருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். இந்தத் தடவை சோலோ கிடையாது, ரிதம் மட்டும்தான் வாசிக்கப்போகிறேன், ஈ கீ-யில் ஒன்று, ஏ கீ-யில் ஒன்று, மெதுவாக ஒன்று, ஒரு மணிநேரத்தில் விட்டுவிடுகிறேன் என்று சொல்லுங்கள். முதலில் டிரம்மருக்கு அனுப்புங்கள். பாஸ்காரர்கள் நாங்கள் பெரும்பாலும் டிரம்ஸ் யார் என்று கேட்டுவிட்டுத்தான் வருவோம்.