சன்பெட்டை ஏசி சாக்கெட்ல சொருகலாமா?

கேள்வி: சார் வணக்கம், செகண்ட் ஹேண்டுல ஒரு சன்பெட் வாங்கியிருக்கேன், உள்ள படுத்தா மேலயும் கீழயும் யுவி டியூப் எரிஞ்சு தோலை பழுப்பாக்குமே அந்த மெஷின். பிளேட்ல 230 வோல்ட், 7.2 கிலோவாட்னு போட்டிருக்கு. ரூம்ல ஏசிக்கு வச்ச 16 ஆம்பியர் சாக்கெட் சும்மாதான் இருக்கு, அதுல போடலாமா? எம்சிபி (கரண்ட் அளவு மீறுனா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) டிரிப் ஆனா 32 ஆம்பியர்ல போட்டுக்கோன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்றாரு.

பதில்: தயவுசெஞ்சு போடாதீங்க, அந்த 32 யோசனையையும் விட்டுடுங்க. 7200-ஐ 230-ஆல வகுத்துப் பாருங்க, 31 ஆம்பியருக்கு மேல வருது, அதாவது அந்த சாக்கெட் தாங்குறதுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கரண்ட் ரெண்டு மடங்கானா ஒயர்ல சூடு நாலு மடங்கு. எம்சிபி அங்க இருக்குறதே சுவத்துக்குள்ள போற ஒயரைக் காப்பாத்தத்தான், ஒயரை அப்படியே விட்டுட்டு 32 போட்டீங்கன்னா 31 ஆம்பியர் ஓடும்போது அது டிரிப்பே ஆகாது, ஒயர் மட்டும் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டே இருக்கும், வெளியில உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போக வேணாம்.

டிபி-ல (வீட்டு கரண்டைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) இருந்து இந்த மெஷினுக்குன்னே தனி லைன் இழுக்கணும், வேற எதையும் அதுல சேர்க்கக் கூடாது. உங்க லோடுக்கு பொதுவா 10 ஸ்கொயர் எம்எம் காப்பர், 40 ஆம்பியர் எம்சிபின்னு வரும், ஆனா தூரம் எவ்வளவு, ஒயர் பைப்புக்குள்ள போகுதா, கூட வேற கேபிள் ஒட்டிப் போகுதா, ரூம் எவ்வளவு சூடுன்னு பார்த்துத்தான் எலக்ட்ரீஷியன் முடிவு பண்ணணும், மெஷின் மேனுவல்ல பியூஸ் அளவு போட்டிருந்தா அதைத் தாண்டவும் கூடாது. பழைய டைப் சோக் (டியூப்புக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற பாகம்) வச்ச மெஷின் ஆன் பண்ற நொடியில கரண்டை அள்ளி இழுக்கும். பி டைப் எம்சிபி அதோட ஆம்பியர் அளவுல மூணுல இருந்து அஞ்சு மடங்குலயே விழுந்துடும், சி டைப் அஞ்சுல இருந்து பத்து மடங்கு வரை பொறுத்துக்கும், அதனால ஆன் பண்ணும்போது மட்டும் டிரிப் ஆனா அதே ஆம்பியர்ல சி டைப் போடுறதுதான் வழி, அதுக்கும் எர்த் லூப்பை (பழுதானா கரண்ட் எர்த் வழியா திரும்புற பாதையோட தடையை) அளந்து பார்த்துட்டுத்தான் போடணும்.

இதையெல்லாம் விட எனக்கு பெரிய கவலை எர்த்தும், கரண்ட் லீக் ஆனா உடனே வெட்டுற ஆர்சிசிபி-யும்தான். உள்ள படுக்குறவர் உடம்புல துணி இல்ல, வேர்த்துக் கொட்டுது, சுத்திலும் மெட்டல் பிரேம், வேர்த்த தோல் கரண்டை சுலபமா உள்ள விட்டுடும். எர்த் ஒயர் பிரேம்ல நல்லா இறுகியிருக்கணும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், மெஷின்ல எலக்ட்ரானிக் சோக் இருந்தா ஏ டைப்பா வாங்குங்க, பழைய ‘ஏசி டைப்’ ஆர்சிசிபி-க்கு (ரூம் ஏசி இல்ல, அது ஆர்சிசிபி-ல ஒரு வகை) சில வகை லீக்கேஜ் கண்ணுலயே படாது. பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து வெட்டுற ஐசோலேட்டர் ஒண்ணு கைக்கு எட்டுற இடத்துல வேணும்.

செகண்ட் ஹேண்டுன்னதால இன்னொண்ணும் சொல்றேன். கரண்ட் கொடுக்குறதுக்கு முன்னாடி பேனலைத் திறந்து ஒயர் காஞ்சு வெடிச்சிருக்கா, டியூப் ஹோல்டர் கருகியிருக்கா, டெர்மினல் லூஸா இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. வயரிங் முடிஞ்சதும் 500 வோல்ட்ல மெகர் (ஒயரோட இன்சுலேஷனை சோதிக்குற மீட்டர்) போட்டு புது லைன் 1 மெகா ஓமுக்குக் கீழ இறங்கலன்னு பார்க்கணும், ஆர்சிசிபி 300 மில்லி செகண்டுக்குள்ள விழுதான்னும் மீட்டர்ல பார்க்கணும். லைசென்ஸ் இருக்குறவர்தான் செய்யணும், டெஸ்ட் ரிப்போர்ட்டை எழுதி வாங்கி வச்சுக்கோங்க.

கேள்வி: எங்க மெஷின்ல 400 வோல்ட் த்ரீ பேஸ்னு இருக்கு, 9 கிலோவாட். சிங்கிள் பேஸ்ல ஓட்ட முடியுமா?

பதில்: மேனுவல்ல அனுமதிச்சிருந்தா மட்டும். த்ரீ பேஸ்ல ஒரு பேஸுக்கு 13 ஆம்பியர்தான் வரும், டெர்மினல்ல லிங்க் (இணைப்புத் தகடு) போட்டு சிங்கிள் பேஸ் ஆக்குனா 39 ஆம்பியர், அந்த முழு கரண்டும் நியூட்ரல் வழியாத்தான் திரும்பணும், அதனால உள்ள வர்ற கேபிளையே மாத்த வேண்டி வரும். த்ரீ பேஸ் இருந்தா அதையே கொடுங்க, அதுதான் நல்லது.

கேள்வி: குளிச்சிட்டு நேரா வந்து படுக்க வசதியா பாத்ரூமுக்குள்ளயே வைக்கலாமா?

பதில்: வேணாம். தனி ரூம், காத்து வெளிய போக வழி, ஈரமில்லாத தரை. குளிச்சா நல்லா துடைச்சிட்டு வாங்க.

கேள்வி: டியூப் மாத்தும்போது இன்னும் பவரா போட்டா சீக்கிரம் கலர் வருமாமே?

பதில்: இதை யாரும் பண்ணிடக் கூடாது. சோக்கும் ஒயரும் பழைய டியூப் வாட்டுக்குன்னு கணக்கு பண்ணது, டைமரும் அந்த டியூப்போட யுவி அளவை வச்சுத்தான் செட் பண்ணியிருக்காங்க, பவர் கூடுனா அதே நிமிஷத்துல தோல் வெந்துடும். 2009-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த மெஷின்களை உறுதியா புற்றுநோய் உண்டாக்குற முதல் குரூப்புல சேர்த்துச்சு, அதே வருஷம் பிரேசில் அழகுக்காக இதைப் பயன்படுத்துறதையே தடை பண்ணிடுச்சு. வயரிங் எவ்வளவு பக்காவா இருந்தாலும் இந்த ஆபத்து குறையாது, என்னைக் கேட்டா படுக்காம இருக்குறதே மேல். டியூப் மாத்தியே ஆகணும்னா மெஷின் மேல ஒட்டியிருக்குற லேபிள்ல என்ன கோடு இருக்கோ அதே கோடு உள்ள டியூபை மட்டும் வாங்குங்க, மாத்துறப்போ ஐசோலேட்டரை ஆப் பண்ணிட்டுக் கை வைங்க.