சான் அன்டோனியோ கிளினிக்குக்கு ஸ்பானிஷில் தனிப் பக்கம் தொடங்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரில் உள்ள ஒரு பல் மருத்துவ கிளினிக்கின் சோஷியல் மீடியா பக்கங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரான லத்தீனோ மக்கள் இப்போது இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாவற்றிலும் நிறைந்திருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஸ்பானிஷில் தனிப் பக்கம் தொடங்குங்கள் என்கிறார் டாக்டர். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆங்கிலப் பதிவுகளை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வெளியிட்டால் போதுமா?

பதில்: தனிப் பக்கம் வேண்டாம். இருக்கிற பக்கத்தையே இரண்டு மொழிகளில் நடத்துங்கள். கருவி தருகிற மொழிபெயர்ப்பை, ஸ்பானிஷ் பேசி வளர்ந்த ஒருவர் படித்துப் பார்க்காமல் ஒரு வரிகூட வெளியிடாதீர்கள். இதற்கெல்லாம் முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: ஸ்பானிஷில் போன் வந்தால் எடுத்துப் பேச ரிசப்ஷனில் ஆள் உண்டா? சான் அன்டோனியோவில் பெரும்பாலும் இருப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் இருப்பார் என்றால் அந்த இரண்டு நாளைப் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பானிஷ் வீடியோவை நம்பி அழைக்கிற ஒரு பாட்டிக்கு மறுமுனையில் ஆங்கிலம் மட்டும் கேட்டால் அவர் மறுபடி அழைக்க மாட்டார். அவர் சொல்லக் கேட்டு, வீட்டில் மற்றவர்களும் வர மாட்டார்கள்.

லத்தீனோக்கள் அங்கெல்லாம் நிறைந்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்வது சரிதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோ மக்கள் சுமார் 6.2 கோடிப் பேர், அதாவது 18.7 சதவீதம். பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கெடுப்பில், லத்தீனோ பெரியவர்களில் 58 சதவீதம் பேர் இன்ஸ்டாகிராமும் 49 சதவீதம் பேர் டிக்டாக்கும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். டிக்டாக்கில் நாட்டின் மொத்தச் சராசரி 33 தான். வாட்ஸ்ஆப்பில் இந்த இடைவெளி இன்னும் பெரியது: லத்தீனோக்களில் 54, மொத்த நாட்டில் 29. மெக்சிகோவிலோ எல் சால்வடோரிலோ இருக்கிற அம்மாவோடும் அத்தையோடும் பேச வேறென்ன வழி? அதனால் அமெரிக்காவில் மற்றவர்கள் எஸ்எம்எஸ்ஸிலேயே இருந்த காலத்தில் இவர்கள் வாட்ஸ்ஆப்புக்குப் போய்விட்டார்கள். சென்னைக்காரரான உங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஆனால் சான் அன்டோனியோவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் லத்தீனோக்கள். அவர்களுக்குத் தனிப் பக்கம் என்றால் முதன்மைப் பக்கம் யாருக்கு?

சோஷியல் மீடியாவில் லத்தீனோக்களின் இந்தப் பெருக்கம் திடீரென்று வந்ததல்ல. அது எப்படி வந்தது என்று தெரிந்தால் என்ன எழுதுவது என்பது தானாகவே பிடிபடும். அமெரிக்க ஆங்கிலத் தொலைக்காட்சியில் லத்தீனோ குடும்பங்களைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. ஸ்பானிஷ் சேனல்களில் ஓடியவை பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த நெடுந்தொடர்கள். அமெரிக்காவிலேயே பிறந்து, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியுமாக வளர்ந்த பிள்ளைகள் இரண்டிலும் தங்களைக் காணவில்லை. இணையத்தில் அந்த இடத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 2009இல் ஆனா ஃப்ளோரஸ், ரொக்ஸானா சோட்டோ என்ற இரண்டு தாய்மார்கள், பிள்ளைகளை இருமொழியில் வளர்ப்பது பற்றி ஸ்பாங்கிலிஷ்பேபி என்ற வலைப்பதிவைத் தொடங்கினார்கள். அதே காலத்தில் ட்விட்டரில் லாடிசம் என்ற ஹேஷ்டேக்கின் கீழ் லத்தீனோ வலைப்பதிவர்கள் கூடிப் பேசினார்கள். 2011இல் லத்தீனோ ரெபல்ஸ் செய்தித்தளம், 2012இல் யூடியூபை மையமாக வைத்து மிட்டூ நிறுவனம் என்று அடுத்தடுத்து வந்தன. அப்புறம் வீடியோக்காரர்களின் காலம். கியூபா வம்சாவளிப் பாட்டியாகத் தானே வேஷம் கட்டி நடித்த ஜென்னி லொரென்சோ, அம்மா அப்பாவின் கண்டிப்பைக் குட்டி வீடியோக்களாக்கிய லெஹுவான் ஜேம்ஸ், அப்போதிருந்த வைன் என்ற குட்டி வீடியோ செயலியில் தன் வீடியோக்கள் 100 கோடி முறை ஓடிய முதல் ஆளான, வெனிசுவேலாவில் பிறந்த லெலே பொன்ஸ். இவர்களில் பலரின் வீடியோக்களில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும். பார்க்கிறவர்கள் பேசுவதும் அப்படித்தான்.

ஆகவே 'லத்தீனோ என்றால் ஸ்பானிஷ்' என்ற கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்க லத்தீனோக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அங்கேயே பிறந்தவர்கள். சான் அன்டோனியோவில் இதற்கு இன்னும் ஆழமான ஒரு காரணம் உண்டு. டெக்சஸ் பள்ளிகளில் 1960கள் வரை, ஸ்பானிஷ் பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அடி வாங்கிய அந்தத் தலைமுறையில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தரவில்லை. தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து சான் அன்டோனியோவில் வாழ்ந்தும் ஸ்பானிஷ் பேச வராத குடும்பங்கள் அங்கே நிறைய. சொந்தக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்ற மன வருத்தமும் அவர்களுக்கு உண்டு. ஸ்பானிஷ் மட்டுமே உள்ள பக்கம், இது உனக்கில்லை என்று அவர்களிடம் இன்னொரு முறை சொல்வதாக ஆகிவிடும். அதே ஊரில், போன வருஷம் மெக்சிகோவின் மொன்டெரே நகரிலிருந்து வந்து ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவரும் இருக்கிறார். இருவருக்கும் பல் வலி ஒன்றுதான்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ரிசப்ஷனிலோ சிகிச்சை அறையிலோ ஸ்பானிஷ் பேசுகிற ஊழியர் ஒருவர் சம்மதித்தால் அவரையே கேமரா முன் நிறுத்துங்கள். அவர் ஸ்பானிஷில் பேசட்டும், கீழே ஆங்கில எழுத்து ஓடட்டும். அடுத்த வீடியோவில் மாற்றிச் செய்யுங்கள். எழுதுகிற பதிவில் இரண்டு மொழியும் சுருக்கமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு மரியாதை வடிவம், சின்னவர்களுக்கு நட்பு வடிவம் என்று ஸ்பானிஷிலும் நம் நீ, நீங்கள் போல உண்டு. மொழிபெயர்ப்புக் கருவிகள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அங்கேதான். ஒரே பதிவில் பாட்டியை நீ என்றும் நீங்கள் என்றும் மாற்றி மாற்றி அழைத்துவிடும்.

என்ன எழுதுவது? விலை. முதலில் அதைத்தான் எழுத வேண்டும். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள மாநிலம் டெக்சஸ். காப்பீடு இல்லாமல் பல் சுத்தம் செய்ய எவ்வளவு, பல் பிடுங்க எவ்வளவு, தவணையில் கட்டலாமா என்று வெளிப்படையாகச் சொல்கிற வீடியோவை மக்கள் சேமித்து வைப்பார்கள், மச்சினிக்கு அனுப்புவார்கள். பளீரென்ற சிரிப்புப் படங்களை விட இதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது அவர்களின் நாட்காட்டி. தொப்பியும் கிதாருமாக மே 5ஆம் தேதி ஒரு வாழ்த்து அட்டை போட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற ஏஜென்சிகள் உண்டு. அது 1862இல் புவெப்லா போரில் மெக்சிகோ பிரெஞ்சுப் படையை வென்ற நாள், மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16. மாறாக ஜனவரி 6ஐப் பாருங்கள். மூன்று ராஜாக்கள் திருநாளன்று மெக்சிகோ வம்சாவளி வீடுகளில் ரோஸ்கா என்ற வளையமான இனிப்பு ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே குழந்தை இயேசுவின் சின்னஞ்சிறு பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ அவர் பிப்ரவரி 2ஆம் தேதி எல்லோருக்கும் தமாலே என்ற, சோள மாவில் அவித்த பண்டத்தை வாங்கித் தர வேண்டும். பிளாஸ்டிக் பொம்மையைத் தெரியாமல் கடித்தால் பல் என்ன ஆகும்? பல் டாக்டருக்கு இதைவிடப் பொருத்தமான பதிவு வருஷத்தில் வேறு எந்த நாளில் கிடைக்கும்? குழந்தைகளுக்கான பதிவில், விழுந்த பால் பல்லுக்குக் காசு வைப்பதாக அமெரிக்கப் பிள்ளைகள் நம்பும் பல் தேவதையின் படத்தோடு சுண்டெலி ஒன்றையும் போடுங்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகள் பலவற்றில், தலையணைக்கடியில் வைத்த பால் பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போவது எலிதான். ஸ்பெயினில் அதற்குப் பெரெஸ் என்று பெயரே உண்டு. மிளகாயும் சர்க்கரையும் போட்ட புளி மிட்டாய்கள் மெக்சிகோ வீட்டுப் பிள்ளைகளுக்கு உயிர். அவற்றைத் திட்டாமல், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் ஃபியஸ்டா விழா வரும்போது ஊரில் நிறுவனங்களெல்லாம் தங்களுக்கென்று பதக்கம் அடித்துக் கொடுப்பார்கள், மக்கள் சட்டையில் வரிசையாகக் குத்திக்கொண்டு திரிவார்கள். உங்கள் கிளினிக்கும் ஒன்று அடிக்கலாம். பல் வடிவத்தில் இருந்தால் மக்களே படம் பிடித்துப் போடுவார்கள்.

உள்ளூர்க் கிரியேட்டர்களிடமும் போங்கள். தேசிய அளவில் பெயர் வாங்கியவர்கள் வேண்டாம், சான் அன்டோனியோவில் சாப்பாட்டுக் கடைகளையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றிப் பதிவிடுகிற, சில ஆயிரம் பேர் பின்தொடர்கிற அம்மாக்கள் போதும். இலவசமாகப் பல் சுத்தம் செய்து தருகிறோம், வீடியோ போடுங்கள் என்று கேட்காதீர்கள். அவர்கள் உழைப்புக்கு ஆங்கிலக் கிரியேட்டருக்குத் தருகிற அதே கட்டணத்தைக் கொடுங்கள். பணமோ இலவச சிகிச்சையோ, எது கொடுத்தாலும் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் நிலைப்பாடு. பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அறிவிப்பும் அந்த மொழியிலேயே இருக்க வேண்டும் என்றும் அதன் வழிகாட்டி சொல்கிறது. ஸ்பானிஷ் வீடியோவின் கீழே ஆங்கிலத்தில் 'ஆட்' (விளம்பரம்) என்று ஒரு ஹேஷ்டேக் மட்டும் போட்டால் போதாது.

இனி, நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம். வாட்ஸ்ஆப் எண்ணைப் பக்கத்தில் போடுங்கள். வழி, நேரம், விலை, ஸ்பானிஷ் பேசும் ஊழியர் இருக்கும் நாட்கள் எல்லாவற்றையும் அதில் சொல்லலாம். ஆனால் எக்ஸ்ரே, சிகிச்சை விவரம் எதுவும் அதில் போகக் கூடாது. யாராவது அனுப்பினால் கிளினிக்குக்கு போன் செய்யச் சொல்லிவிடுங்கள். அமெரிக்க மருத்துவ ரகசியச் சட்டமான ஹிப்பா கடுமையானது. விமர்சனங்களுக்குப் பதில் எழுதும்போது 'நீங்கள் எங்களிடம் சிகிச்சைக்கு வந்தீர்களே' என்று சொல்வதே தவறு. 2019இல் டல்லாஸில் ஒரு பல் மருத்துவமனை, விமர்சனத்துக்கு எழுதிய பதிலில் நோயாளியின் விவரங்களை வெளியிட்டதற்காக 10,000 டாலர் கட்ட நேர்ந்தது. எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் நோயாளியின் முகம் எந்த வீடியோவிலும் வரக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது அமெரிக்காவில் தங்குவதற்கான காகிதம் இல்லை என்றால், காத்திருக்கும் அறையில் தற்செயலாகப் பதிவான ஒரு முகம்கூட அவர்களுக்கு அச்சம் தரும். நேரலை வேண்டவே வேண்டாம்.

கமென்ட்களுக்குச் சென்னையிலிருந்து நீங்கள் பதில் எழுத வேண்டாம். அவர்கள் மாலையில் கேட்பது உங்களுக்கு விடிகாலையில் வரும். நீங்கள் கருவியை வைத்துப் பதில் தருவதற்குள் பேச்சு ஆறிவிடும். கிளினிக்கிலேயே ஒருவர் தினமும் அரை மணி நேரம் அதற்கு ஒதுக்கட்டும். முதல் மூன்று மாதம் லைக்கை எண்ணாதீர்கள். ஸ்பானிஷில் எத்தனை அழைப்பு வந்தது, அவற்றில் எத்தனை பேர் நேரில் வந்தார்கள் என்று ரிசப்ஷனில் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

எழுதுவதற்கும் சரிபார்ப்பதற்கும் சான் அன்டோனியோவைச் சேர்ந்த, இருமொழியும் தெரிந்த ஒருவரைப் பகுதிநேரமாக அமர்த்துவது அவசியம். அந்தச் செலவை ஏஜென்சி தன் கட்டணத்துக்குள் அடக்கப் பார்க்கும், பார்த்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அடுத்த மாதக் கொட்டேஷனில் அதைத் தனி வரியாகப் போட்டு டாக்டருக்கு அனுப்புங்கள்.