அவுட்லுக் திறக்கவில்லை: ஃபார்மட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் சிறு யூனிட் நடத்துகிறோம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது அவுட்லுக் 2016. போன வாரம் கரண்ட் போய் வந்ததிலிருந்து திறக்க மறுக்கிறது. நீலப் பெட்டி வந்து ‘ப்ராசஸிங்’ என்று காட்டியபடி நின்றுவிடுகிறது. சில சமயம் அதுவும் வருவதில்லை. பார்க்க வந்த சர்வீஸ்காரர், ஃபார்மட் அடித்து எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். 2013 முதல் வந்த ஆர்டர் மெயில்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. அவை போய்விடுமா?

பதில்: இப்போதைக்கு ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். அவுட்லுக்கில் மூன்று சங்கதிகள் தனித்தனியாக இருக்கின்றன: புரோகிராம், உங்கள் கணக்கு விவரங்களைக் கொண்ட ப்ரொஃபைல், மெயில்கள் அடங்கிய டேட்டா ஃபைல். ஏதாவது ஒன்று மக்கர் செய்தாலும் அவுட்லுக் திறக்காது. ஃபார்மட் அடித்தால் மூன்றும் சேர்ந்து போய்விடும். ஆஃபீஸை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுவதிலும் பெரும்பாலும் பலன் இருக்காது. பழுதான ப்ரொஃபைலும் பழுதான ஃபைலும் அப்படியே இருக்கும். புதிதாகப் போட்ட அவுட்லுக்கும் அதே இடத்தில் போய் நிற்கும்.

முதல் வேலை, அந்த டேட்டா ஃபைலைக் கண்டுபிடித்து நகல் எடுப்பது. அவுட்லுக்கைத் திறக்காமலே இதைச் செய்யலாம். கன்ட்ரோல் பேனலுக்குப் போய், ‘வியூ பை’ என்ற இடத்தில் ‘லார்ஜ் ஐகான்ஸ்’ தேர்ந்தெடுத்தால் ‘மெயில்’ என்று ஒன்று தெரியும். அதில் ‘டேட்டா ஃபைல்ஸ்’ அழுத்தினால் ஃபைலின் பெயரும் இருக்குமிடமும் வரும்; ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ நேராக அந்த ஃபோல்டரிலேயே கொண்டுபோய் விடும்.

ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். ஓ.எஸ்.டி. என்று முடிந்தால் பெரிய பயம் இல்லை. மெயில்கள் சர்வரில் இருக்கின்றன, இது அவற்றின் பிரதி மட்டுமே. பி.எஸ்.டி. என்று முடிந்தால் எச்சரிக்கை தேவை. கம்பெனி பெயரில் டொமைன் (சொந்த இணையப் பெயர்) வாங்கி, மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையைப் பயன்படுத்தும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பாப் கணக்கில் வழக்கமான அமைப்பு, இறக்கிய மெயிலை 14 நாள் கழித்துச் சர்வரிலிருந்து நீக்கிவிடுவது. ஆகவே 2013-ஆம் ஆண்டு மெயில் உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்த ஒரு ஃபைலுக்குள்தான் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மட் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இந்த ஃபைல் இருக்கும் இடம். 2010 பதிப்பு முதல் அவுட்லுக் இதை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற இடத்தில் வைக்கிறது. அதற்கு முந்தைய 2007-இல் தொடங்கிய கணக்கு என்றால், ‘ஆப்டேட்டா’ என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் கிடக்கும். பிறகு 2016-க்கு மாறினாலும் பழைய இடத்திலேயே தொடரக்கூடும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் பத்திரமாக நகல் எடுத்துவிட்டு ஃபார்மட் அடிப்பவர் கண்ணில் அது படவே படாது.

நகல் எடுக்கும்போது ‘ஃபைல் பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால், அவுட்லுக் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் அவுட்லுக் என்று எத்தனை வரிகள் இருந்தாலும் எல்லாவற்றையும் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து நிறுத்துங்கள். சொடுக்கினால் ஒன்றுமே வராமல் போவதற்கும் பல நேரம் இதுவே காரணம்: முதலில் திறந்து உறைந்துபோனது உள்ளே உட்கார்ந்திருக்கும்; அவசரத்தில் ஐகானைத் தட்டத் தட்டச் சிக்கல் கூடும்.

பென் டிரைவில் ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று வந்தால் இடப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னொன்று வாங்கப் போகாதீர்கள். ஃபேட்32 முறையில் உள்ள டிரைவ், 64 ஜி.பி. காலியாக இருந்தாலும், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. அதிலுள்ளதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்த டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு ஃபார்மட் செய்தால் போதும். இந்த விவகாரத்தில் ஃபார்மட் பார்க்கலாம் என்றால் இதை மட்டும் பார்க்கலாம்.

நகல் கைக்கு வந்தபின், அவுட்லுக்கைச் சொடுக்கிவிட்டு, டெஸ்க்டாப்பில் ஏதாவது கேள்விப் பெட்டி நீலப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறதா என்று ஆல்ட், டேப் விசைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருப்பதையும் ‘ப்ராசஸிங்’ என்றே அது காட்டிக்கொண்டிருக்கும். அடுத்து நெட் இணைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். திறந்தால் ஃபைலில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. சர்வர் இணைப்பு, ஆன்டிவைரஸ் பக்கம் தேட வேண்டும்.

அடுத்தது சேஃப் மோட். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடியே அவுட்லுக் ஐகானைச் சொடுக்கினால், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். இந்த முறையில் ஆட்-இன் எனப்படும் ஒட்டு புரோகிராம்கள் எதுவும் ஏறாது. இப்படித் திறந்தால் குற்றவாளி அவற்றில் ஒன்று: ஆன்டிவைரஸின் மெயில் சோதனை, பி.டி.எஃப். மாற்றி, மீட்டிங் மென்பொருள் போன்றவை. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய், கீழே ‘காம் ஆட்-இன்ஸ்’ பக்கத்தில் ‘கோ’ அழுத்தி எல்லா டிக்கையும் எடுங்கள். மூடிவிட்டு வழக்கம்போலத் திறந்து, பிறகு ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். எதில் நிற்கிறதோ அதை விட்டுவிடுங்கள். நீலப் பெட்டி ‘லோடிங் ஆட்-இன்ஸ்’ என்ற வரியிலேயே நிற்பவர்கள் நேராக இங்கிருந்து தொடங்கலாம்.

‘ஃபோல்டர்களைத் திறக்க முடியவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், இடப்பக்கப் பட்டியலின் அமைப்பு கெட்டிருக்கலாம். விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, ஆங்கில எழுத்தில் அவுட்லுக், புள்ளி, இ-எக்ஸ்-இ என்று அடியுங்கள். ஓர் இடம் விட்டு, முன்சாய்கோடு போட்டு, அதை ஒட்டி ஆர்-இ-எஸ்-இ-டி-என்-ஏ-வி-பி-ஏ-என்-இ (resetnavpane) என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். ஃபேவரிட்ஸில் போட்டு வைத்தவை அழியும். மெயிலுக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் விஷயத்தில் கரண்ட் போனபின் தொடங்கியதால், நான் அதிகம் சந்தேகிப்பது ஃபைலைத்தான். அவுட்லுக் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பி.எஸ்.டி.யின் உள் அட்டவணை பாதியில் அறுந்துவிடக்கூடும். இதற்கு மைக்ரோசாஃப்டே தரும் கருவி ஸ்கேன்பிஎஸ்டி. சி டிரைவில் ப்ரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ரூட், ஆஃபீஸ்16 என்று உள்ளே போனால் இருக்கும். 32 பிட் ஆஃபீஸ் என்றால் எக்ஸ்86 என்று முடியும் ப்ரோகிராம் ஃபைல்ஸில் பாருங்கள். ‘ரூட்’ ஃபோல்டர் இல்லாத ஆஃபீஸும் உண்டு. அதில் நேராக ஆஃபீஸ்16.

ஓட்டுவதற்கு முன் டிரைவில் ஃபைலின் அளவுக்கேனும் காலி இடம் இருக்கட்டும், ஏனென்றால் பழுது பார்க்கும் முன் அது ஒரு பேக்கப் எடுக்கும். அந்த டிக்கை எடுக்காதீர்கள். 8 கட்டங்களாகச் சோதிக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கில் 10, 15 ஜி.பி. ஃபைல் என்றால் மணிக்கணக்கில் ஆகும். நடுவில் நின்றதுபோலத் தோன்றும், கை வைக்காதீர்கள். மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இதைத் தொடங்கவே வேண்டாம். ஒருமுறை ‘ரிப்பேர்’ முடிந்ததும் மறுபடி ஓட்டுங்கள், பிழை இல்லை என்று சொல்லும்வரை. இடம் தவறிய மெயில்கள் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற ஃபோல்டரில் வந்து சேரும்.

‘லோடிங் ப்ரொஃபைல்’ வரியில் நின்றாலோ, மேற்சொன்ன எதற்கும் மசியாவிட்டாலோ, புதிய ப்ரொஃபைல். அதே கன்ட்ரோல் பேனல் ‘மெயில்’ பக்கத்தில், முதலில் பழைய கணக்கின் சர்வர் பெயர்களையும் போர்ட் எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு இணைப்பு உள்ள பாப் கணக்குகளில் பொதுவாக உள்வருவதற்கு 995, வெளிச்செல்வதற்கு 465 அல்லது 587. பாஸ்வேர்டு புள்ளிகளாகத்தான் தெரியும். நினைவில் இல்லையென்றால் மெயில் சேவை தருபவரிடம் புதிதாகக் கேட்டு வாங்கிவிட்டு உட்காருங்கள். பிறகு ‘ஷோ ப்ரொஃபைல்ஸ்’, ‘ஆட்’. மேனுவல் முறையில் விவரங்களைக் கொடுக்கும்போது, புது மெயில் எங்கே சேர வேண்டும் என்ற கேள்விக்கு ‘எக்ஸிஸ்டிங் அவுட்லுக் டேட்டா ஃபைல்’ என்பதைத் தேர்ந்து, உங்கள் பழைய பி.எஸ்.டி.யைக் காட்டுங்கள். இந்த ஒரு டிக்கை விட்டால் காலியான அவுட்லுக் திறந்து வயிற்றைக் கலக்கும். பழைய ப்ரொஃபைலை உடனே அழிக்க வேண்டாம். சர்வரில் மிச்சமிருக்கும் கடைசி சில நாள் மெயில்கள் இரண்டாவது முறை இறங்கக்கூடும், முதல் எழுத்து தட்டினால் தானாக வரும் முகவரிகளும் காணாமல் போகலாம், இரண்டும் சாதாரணம்.

இதற்கும் அசையாவிட்டால்தான் புரோகிராம் பக்கம் போக வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸின் ஆப்ஸ் பட்டியலில் ஆஃபீஸைத் தேர்ந்து ‘மாடிஃபை’ கொடுத்து முதலில் ‘க்விக் ரிப்பேர்’, பலனில்லையென்றால் ‘ஆன்லைன் ரிப்பேர்’. இரண்டாவது, ஆஃபீஸையே மறுபடி இறக்கிப் போடுவதற்குச் சமம். லைசென்ஸ் விவரம் கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

திறந்தபின் ஃபைலின் அளவைப் பாருங்கள். 2010 பதிப்பு முதல் உச்சவரம்பு 50 ஜி.பி. என்றாலும் அந்த அளவுக்கு வளரவிடுவது வம்பு. ஆடிட்டர் ஃபைல் கட்டுவதுபோல நிதியாண்டுக்கு ஒரு பி.எஸ்.டி. என்று பிரித்து, பழைய மெயில்களை அவற்றுக்கு நகர்த்துங்கள். நகர்த்தியதும் மூல ஃபைல் சுருங்காது. அக்கவுன்ட் செட்டிங்ஸில் ‘டேட்டா ஃபைல்ஸ்’, ‘செட்டிங்ஸ்’, ‘காம்பாக்ட் நவ்’ கொடுத்தால்தான் சுருங்கும்.

நகல் எடுப்பது, அவுட்லுக்கை மூடியபின் வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்க்கில். திறந்திருக்கும் பி.எஸ்.டி.யை ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவு ஃபோல்டரிலோ, பக்கத்து அறைக் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரிலோ வைக்கக் கூடாது. விண்டோஸ் சில நேரம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே ஒன்டிரைவுக்குள் நகர்த்திவிடுகிறது, அதையும் சோதியுங்கள். யூனிட்டில் கடைசியாகப் போகிறவர் மெயின் சுவிட்சை இறக்கும் வழக்கம் இருந்தால், அதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டர் ஷட் டவுன் ஆகியிருக்க வேண்டும். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று அதற்குத் தனியாக இருக்கட்டும். அதன் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று, அவுட்லுக்கை மூடிவிட்டு, ப்ளக்கை உருவி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கும் ஆஃபீஸ் 2016-க்கும் மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும் நாளிலும் எடுத்துப்போக வேண்டியது இந்த பி.எஸ்.டி.தான், பழைய ஹார்டு டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாமல் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.