எங்கள் இறங்குதுறைக் கணக்கை அமைச்சரிடம் கேட்க முடியுமா?

தீவகத்தில் உங்கள் ஊர் இறங்குதுறைக்கு ஒதுக்கிய காசு பற்றி யாழ்ப்பாண எம்.பி. ஒருவர் மூலம் அமைச்சரிடம் கேட்கலாமா என்பது கேள்வி. கட்டாயம் கேட்கலாம். பாராளுமன்றத்தில் அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டிய வினாவை, அதாவது வாய்மூல விடைக்கான வினாவை, எம்.பி. முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். அமைச்சரின் பதில் பாராளுமன்றப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் பதிவாகும். அதுதான் பெரிய பலன்.

ஆனால் வினாவின் சொற்களில்தான் எல்லாமே இருக்கிறது. "ஏன் தாமதம்?" என்று கேட்டால் "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்று முடித்துவிடுவார்கள். ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், முடியும் திகதி என்ன என்று அ, ஆ, இ எனப் பிரித்துக் கேட்டால் நழுவுவது கடினம்.

பிறகு, வரவு செலவுத் திட்டக் குழுநிலை விவாதத்தில் அமைச்சு அமைச்சாகச் செலவு ஆராயப்படும். அந்த நாட்களையும் விடாதீர்கள். எம்.பி.க்குக் கடிதம் கொடுக்கும்போது, 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே பெற்ற பதிலின் பிரதியையும் இணையுங்கள்.