முதலில் கையை அளங்கள், அப்புறம் பி.பி.யை!

கேள்வி: அப்பாவுக்காக டிஜிட்டல் பி.பி. மெஷின் வாங்கினோம். அடுத்தடுத்து பார்த்தால் 158, 146, 139 என்று மூன்று விதமாகக் காட்டுகிறது. மெஷின் பழுதா? டாக்டரிடம் எதைச் சொல்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. எண்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்தால், அப்பா வந்து உட்கார்ந்ததுமே பட்டனை அழுத்திவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. காபி, சிகரெட், நடைப்பயிற்சி எதுவானாலும் 30 நிமிடம் கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல் 5 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அளக்கும்போது பேசவே கூடாது. "எவ்வளவும்மா காட்டுது?" என்று அவர் கேட்டாலே அளவு ஏறும்.

அடுத்து, கஃப், அதாவது கையில் சுற்றும் காற்றுப்பட்டை. மேற்கையின் நடுவில் இஞ்ச் டேப் வைத்துச் சுற்றளவு பாருங்கள். மெஷினோடு வரும் கஃப் பலவற்றில் 22 முதல் 32 செ.மீ. வரைதான் சரிப்படும்; அதிலேயே அச்சிட்டிருக்கும். கை 35 செ.மீ. என்றால் பெரிய கஃப் தனியாக வாங்கத்தான் வேண்டும். சிறிய கஃப் இல்லாத பி.பி.யைக் காட்டும், தொளதொளவென்று சுற்றினாலும் அப்படித்தான். சட்டைமேல் கட்டாதீர்கள். கஃப்பின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே இருக்கட்டும்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு, தரையில் சம்மணமிட்டு, கையை மடியில் வைத்துப் பார்ப்பது. கஃப் நெஞ்சு மட்டத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்தால் சுமார் 7 அல்லது 8 புள்ளி கூடும். மேஜையில் தலையணை போட்டுக் கையை வையுங்கள். கஃப்பில் காற்று இறங்கும்போது ஏற்படும் நுண்ணிய அதிர்வை வைத்துத்தான் மெஷின் கணக்குப் போடுகிறது. கை நடுங்கினாலும் துடிப்பு சீராக இல்லாவிட்டாலும் கணக்கு பிசகும்.

டாக்டருக்கு ஒற்றை எண் போதாது. காலை மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், 1 நிமிட இடைவெளியில் இருமுறை என 7 நாள் குறித்து, முதல் நாளை விட்டுவிட்டு சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐ எட்டினால் அதிகம் என்று பொருள். கிளினிக்கில் சொல்லும் 140/90 வேறு கணக்கு. 180/120-க்கு மேல் போய், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வாய்குழறலோ இருந்தால் திரும்ப அளந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஆக்ஸிமீட்டர் ஒரு விரலில் 97, இன்னொன்றில் 89 காட்டுகிறதே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டாவது விரல் சில்லென்று இருந்ததா, நகப்பூச்சு இருந்ததா? சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவிப் போவதை வைத்துத்தான் கருவி ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கிறது. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, அசையாமல் வைத்து, எண் நிலைபெறும்வரை அரை நிமிடமாவது பொறுங்கள். பலர் நாடித்துடிப்பு எண்ணையே ஆக்ஸிஜன் என்று படித்துப் பதறுகிறார்கள். உங்களுடையது அதுவாக இல்லாமல், சூடான விரலிலும் 90-க்குக் கீழேயே நின்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்று: அடைத்த அறையில் கரிப்புகையில் சிக்கியவருக்கு இந்தக் கருவி 98 காட்டினாலும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அதற்குப் பிரித்தறியத் தெரியாது.

கேள்வி: டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா (ரத்தக்குழாய் இணைப்பு) போட்ட கையில் பி.பி. பார்க்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. கஃப் அழுத்தும்போது ஓட்டம் தடைபட்டு, ரத்தம் உறைந்து ஃபிஸ்டுலா அடைபடலாம். டயாலிசிஸ் தவிர வேறு ஊசியும் அந்தக் கையில் வேண்டாம். எப்போதும் மறு கைதான்.